இரவு ராணி: இடம் பார்ப்பதிலிருந்து கத்தரிப்பது வரை

கோலாலம்பூரில் எங்கள் கெப்போங் தாமானில் (குடியிருப்பில்), நான் இருக்கும் வரிசையில் மட்டும் நாலு வீட்டில் இரவு ராணி வைத்தார்கள். இன்று நிற்பது ஒன்றுதான். மற்ற மூன்றும் வாடிச் சாகவில்லை. கொழுகொழுவென்று வளர்ந்து, கடைசியில் வீட்டுக்காரர்களே பொறுக்க முடியாமல் வெட்டி எறிந்தார்கள். ஒன்று படுக்கையறை ஜன்னலை ஒட்டி நின்றது. ஒன்று ஒரே உயரமாக ஓடி, பூவெல்லாம் மாடிக்கு மேலே போய்விட்டது. மூன்றாவது மூணு வருஷமும் இலையாகவே தழைத்தது, ஒரு பூ விடவில்லை.

இந்தச் செடி நம்மைக் கேட்காமலே வளரும். எங்கே வைப்பது, எப்போது வெட்டுவது, இந்த இரண்டும்தான் நம் வேலை. ஆகவே முதலில் இடம், அப்புறம் செடி, அப்புறம் மண். பெரும்பாலானவர்கள் ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போய்ச் செடியை வாங்கி, காரிலிருந்து இறக்கிய பிறகுதான் இடம் தேடுகிறார்கள்.

1. வாங்குவதற்கு முன் ராத்திரியில் வெளியே போய் நில்லுங்கள்

வெயில் எங்கே விழுகிறது என்பதைப் பகலில் எல்லோரும் பார்ப்பார்கள். ஐந்து ஆறு மணி நேர நேர்வெயில் இருந்தால் போதும். காலை வெயிலாக இருந்தால் இன்னும் நல்லது. நிழலிலும் செடி வளரும், ஆனால் வெளிச்சத்தைத் தேடி நீளமாக ஓடும், பூ குறையும்.

யாரும் பார்க்காதது இரவுக் காற்று. நம் ஊரில் பொழுது சாய ஏழேகால், ஏழரை ஆகும். எட்டு மணிக்கு மேல் மணம் மெல்லத் தொடங்கி, ஒன்பது பத்துக்கெல்லாம் தெருவையே நிறைத்துவிடும். தள்ளி நின்று முகர்ந்தால் சுகம். பக்கத்தில் படுத்தால் தலைவலி. ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இது விளையாட்டு இல்லை. ஏசி போட்டு ஜன்னலைச் சாத்தித் தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. காற்றாடியைப் போட்டு ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. செடி வைக்க நினைக்கும் இடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஓர் ஊதுபத்தி ஏற்றி வையுங்கள். உள்ளே போய்ப் படுக்கையறையில் பத்து நிமிஷம் உட்காருங்கள். ஊதுபத்தி வாசம் அங்கே வந்தால், பூ வாசமும் வரும். காற்று தினமும் ஒரே பக்கம் வீசாது, அதனால் மூன்று நாலு இரவு செய்து பாருங்கள்.

குறைந்தது 15 அடி தள்ளி வைக்கச் சொல்வேன். ஆனால் வரிசை வீட்டின் அகலமே 20, 22 அடிதான். நம் ஜன்னலுக்குத் தூரம் என்று நாம் ஒதுக்கும் மூலை, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும். என் முதல் செடி அப்படித்தான் நின்றது. முதல் பூ பூத்து மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார். "தம்பி, கோவிச்சுக்காத. வாசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ரெண்டு ராத்திரியா தூக்கமே இல்ல லா." அந்த வாரமே தோண்டி இடம் மாற்றினேன். மாற்றிய அதிர்ச்சியில் செடி இலையெல்லாம் கொட்டி, தேற மூன்று மாதம் ஆனது. பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மூன்று மாதம் மிச்சம்.

வரிசை வீட்டில் பெரும்பாலும் நல்ல இடம் வாசல் கேட்டுக்குப் பக்கத்து மூலைதான். போர்ச் முழுக்க ஓடு பதித்திருந்தால் தொட்டி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2. கேட்ட செடிதான் கிடைத்ததா என்று பாருங்கள்

"நைட் குயின்" என்று கேட்டால் நர்சரிகளில் குறைந்தது மூன்று வேறு செடி கிடைக்கும். மலாய்க்காரர்கள் பாக்காவாலி என்பது நம் நிஷாகந்தி. தட்டைத் தண்டிலிருந்து பெரிய வெள்ளைப் பூ ஒன்று வந்து, ஒரே இரவில் விரிந்து வாடிவிடும். செடாப் மாலாம் என்று கேட்டால் நிலசம்பங்கிக் கிழங்கைக் கொடுப்பார்கள். சீனக் கடைக்காரரிடம் யே லாய் சியாங் என்று கேட்டால் ஒரு கொடி வரக்கூடும்.

அந்தக் கொடி விஷயத்தில் கவனம் தேவை. அதன் பூவை முட்டையோடு வதக்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. இரவு ராணி கத்தரி, தக்காளி, ஊமத்தை இனம் என்றாலும் குணத்தில் ஊமத்தைப் பக்கம். இலை, காய், பூ எதுவும் வாயில் வைக்கக் கூடாது. பெயர்க் குழப்பத்தில் யாராவது சமையலுக்குப் பறித்துவிட்டால் ஆபத்து.

நீங்கள் தேடுவது மெல்லிய, வளைந்து தொங்கும் கிளைகள் உள்ள குத்துச்செடி. இலை நுனி கூராக, பளபளப்பாக, ஒரு விரல் நீளத்துக்கு இருக்கும். பூ சின்னது: பச்சை கலந்த வெள்ளையில், விரல் நுனிக்கணு அளவுக்கு மெல்லிய குழாய், முனையில் குட்டி நட்சத்திரம். சந்தேகம் வந்தால் தாவரவியல் பெயரைச் சொல்லி, செஸ்ட்ரம் நொக்டர்னம் என்று கேளுங்கள். சுங்கை பூலோ நர்சரிகளில் அந்தப் பெயரைச் சொன்னால் புரியும்.

பூத்து நிற்கும் பெரிய செடியைத் தேடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பூவைக் கொட்டிவிடும், உயரமாக நீண்டும் இருக்கும். அடியிலிருந்து மூன்று நாலு கிளை பிரிந்த, ஒன்றரை அடிச் செடிதான் வாங்க ஏற்றது.

3. கொம்பு வைத்து வளர்ப்பதானால்

தெரிந்தவர் வீட்டில் செடி இருந்தால் காசே வேண்டாம். பென்சில் தடிமனில், இளம்பச்சையும் இல்லாமல் முற்றிய மரமும் இல்லாமல் நடுத்தரமாக இருக்கும் கிளையில் 15 சென்டிமீட்டர் துண்டு எடுங்கள். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள், வேர் கணுவில்தான் கிளம்பும். மேல்முனையைச் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீர் வழிந்துவிடும், எது தலை எது கால் என்ற குழப்பமும் வராது. சிரிக்காதீர்கள், தலைகீழாக நட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கீழ் இலைகளை உருவிவிட்டு, மேலே இரண்டை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக வெட்டுங்கள். வேர் இல்லாத கொம்பால் முழு இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. ஆற்று மணலும் தென்னை நார்த்தூளும் சம அளவில் கலந்து, இரண்டு கணு புதைய நட்டு, அடி வெட்டிய மினரல் பாட்டிலை மேலே கவிழ்த்துவிடுங்கள். மூடியைக் கழற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வெந்துபோகும். வெளிச்சம் உள்ள நிழலில் இருக்கட்டும்.

இரண்டாம் வாரமே துளிர் வரும். அதைப் பார்த்து ஏமாந்து எடுத்து நடாதீர்கள். கொம்பில் சேர்ந்திருக்கும் சத்திலேயே துளிர் வந்துவிடும், வேர் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று நாலு வாரம் கழித்து லேசாக இழுத்துப் பாருங்கள். பிடிப்பு இருந்தால் வேர் வந்துவிட்டது. "வேர் வந்துடுச்சா பார்ப்போம்" என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பதால் சாகும் கொம்புகளே அதிகம்.

நாலு கொம்பு வையுங்கள், இரண்டு நிச்சயம் தேறும். எட்டு வாரம் கழித்துத் தரைக்கு மாற்றலாம்.

4. குழி தோண்டினால் செங்கல்தான் முதலில் வரும்

தாமான் வீடுகளில் மேலே அரை அடி மண், கீழே வீடு கட்டியவர்கள் விட்டுப்போன இடிபாடு. சங்குலை (மண்வெட்டியை) போட்டால் 'ணங்' என்று சத்தம் வரும். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் தோண்டி, செங்கல், ஓட்டுத்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். முக்கியமாக சிமெண்ட் கட்டிகளை விடாதீர்கள். சுண்ணாம்புத் தன்மை மண்ணில் ஏறினால் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்து மேலும் மேலும் உரம் போட்டவர்கள் உண்டு. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே முழங்கை அளவு கான்கிரீட்.

குழியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் நல்லது. நின்றால், அடியில் களிமண். அங்கே எவ்வளவு நல்ல மண் போட்டு நிரப்பினாலும், மழை பெய்தால் குழி குளியல்தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேர் அழுகும். அப்படிப்பட்ட இடத்தில் தரைக்கு மேலே முக்கால் அடி மேடு கட்டி, அதில் நடுங்கள்.

மண் கலவை நம் ஊரில் எல்லோரும் சொல்லும் 3:2:1தான். மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல். கோழி எரு போடுவதானால் பழையதாக இருக்க வேண்டும். பச்சை எரு சூடு, இளவேரைப் பொசுக்கிவிடும்.

5. நடுவதும் முதல் மாதமும்

சாயங்காலம் நடுங்கள். ராத்திரி முழுவதும் செடிக்கு ஓய்வு கிடைக்கும். பையைப் பிடித்து இழுக்காமல் கத்தியால் கிழியுங்கள். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்தில் தரையிலும் இருக்கட்டும். தண்டைப் புதைத்தால் அழுகும்.

பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் கோலாலம்பூரில் மழை குறையும். தரையில் நடுவதை அப்போது தவிர்த்தால், தண்ணீர் ஊற்றும் வேலை பாதி குறையும்.

முதல் இரண்டு வாரம், மழை இல்லாத நாளில் காலையில் தண்ணீர். அதன் பிறகு விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். பகல் இரண்டு மணிக்கு இலை தொங்கினால் பயப்படாதீர்கள், அது வெயிலுக்குச் சோர்வது. ஏழு மணிக்கும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் தாகம். மத்தியானம் தொங்குகிறதே என்று மூன்று வேளையும் ஊற்றி வேரை அழுக வைப்பது புதியவர்களின் முதல் தவறு.

செடியைச் சுற்றி ஓரடி வட்டத்துக்குப் புல் இல்லாமல் எடுத்துவிட்டு, காய்ந்த இலை பரப்புங்கள். ஈரம் காப்பது ஒரு காரணம். பெரிய காரணம் புல் வெட்ட வருபவரின் மெஷின். அதன் நைலான் கயிறு ஒரு சுற்று பட்டால் இளந்தண்டின் பட்டை உரிந்துவிடும். பத்து நாளில் செடி காயும், ஏன் என்றே தெரியாது.

6. வெட்டுவது

இங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. பிள்ளை மாதிரி வளர்த்ததை வெட்டுவதா என்பார்கள். வெட்டாவிட்டால் இது 12 அடி வரை போகும். கீழே வெறும் குச்சி, மேலே பூ. மணத்தை அனுபவிப்பவர் மாடி வீட்டுக்காரர்.

இந்தச் செடி புதுத் தளிரில்தான் பூக்கும். ஒருமுறை பூத்த கிளைநுனி மறுபடி பெரிதாகப் பூக்காது. வெட்டினால் ஒரு நுனி இரண்டு மூன்றாகப் பிரியும். ஒவ்வொன்றும் ஒரு பூங்கொத்து. இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

செடி ஓரடி ஆனதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் ஓரடி நீண்டதும் அவற்றையும் கிள்ளுங்கள். முதல் பூ இதனால் கொஞ்சம் தள்ளிப்போகும், பரவாயில்லை. அடியிலிருந்தே அடர்த்தியான செடி கிடைக்கும்.

அதன் பிறகு பூவுக்குப் பின் வெட்டு. ஒரு தடவை பூத்தால் கொத்துகள் முன்னும் பின்னுமாக நாலைந்து இரவு விரியும். பகலில் சுருங்கிக் கிடக்கும், இரவில் மறுபடி திறக்கும். பூக்கள் பழுத்து உதிரத் தொடங்கியதும், ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை, வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். உள்பக்கக் கணுவுக்கு மேல் வெட்டினால் புதுக்கிளை செடிக்குள்ளேயே போய் நெருக்கும். தள்ளிப்போட்டால் வெள்ளைக் காய் பிடிக்கும், பறவை தின்று ஊரெல்லாம் விதைக்கும், செடியும் பலத்தைக் காய்க்குச் செலவழிக்கும்.

என் செடியில் வெட்டிய ஏழெட்டு வாரத்தில் அடுத்த பூ வருகிறது. தீபாவளிக்குப் பூ வேண்டுமென்றால் பண்டிகைத் தேதியிலிருந்து எட்டு வாரம் பின்னால் எண்ணி வெட்டுவேன். இரண்டு வருஷம் சரியாக வந்தது. ஒரு வருஷம் முதல் நாள் பெய்த மழையில் எல்லாம் உதிர்ந்து போர்ச்சில் பச்சரிசி கொட்டியது போலக் கிடந்தது. மழைக்கு யார் என்ன செய்ய முடியும்?

வருஷத்துக்கு ஒருமுறை பெரிய வெட்டு. மார்ச் முதல் வாரம், மழை கூடும் முன், முழுச்செடியையும் இடுப்புக்குக் கீழே கொண்டுவந்துவிடுவேன். பார்க்க மொட்டையாக இருக்கும். ஏப்ரல் மழையில் குபீரென்று தழைக்கும். கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்து, கூராக வைத்துக்கொள்ளுங்கள். பாராங்கால் (வெட்டுக்கத்தியால்) வெட்டினால் கிளை பிளந்து, பிளவில் தண்ணீர் இறங்கும்.

பூமொட்டை அடையாளம் தெரியாமல் வெட்டுவதுதான் பெரிய தவறு. மொட்டு வெளிர்பச்சையாக, கிராம்பை இழுத்து நீட்டியது போல, இலைக்கணுவில் கொத்தாக நிற்கும். பூ மாதிரியே இருக்காது. ஏதோ வளராத இலை என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். புல் வெட்டுபவர் மாதாமாதம் வந்து வேலியோடு சேர்த்துப் பெட்டி மாதிரி சீவிவிட்டுப் போகும் வீடுகளில் இரவு ராணி பூக்காததற்கு இதுதான் காரணம். எங்கள் வரிசையில் மூணு வருஷம் பூக்காத அந்தச் செடியின் கதையும் இதேதான்.

7. உரம்

சுருக்கமாகச் சொல்கிறேன். வளரும் பருவத்தில் பச்சை நிற உரம், 15:15:15 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு), மூன்று நாலு வாரத்துக்கு ஒரு டீஸ்பூன். பூக்கும் வயது வந்த பிறகு நீல நிற உரம், 12:12:17, மாதம் ஒரு மேசைக்கரண்டி. பச்சையையே விடாமல் போட்டால் தழைச்சத்து ஏறி இலையாகவே தள்ளும். தண்டை ஒட்டிப் போடாமல், ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி, தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் உரம் போட்டால் வேர் கருகும்.

8. பூச்சி, பாம்பு

வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி வரும். கூடவே எறும்பு வரிசை இருக்கும். எறும்புதான் அதைச் சுமந்து பரப்புகிறது, அதையும் கவனிக்க வேண்டும். இலைக்கடியில் வெள்ளை ஈ. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், நாலு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, நன்றாகக் குலுக்கி இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். மற்ற செடிக்குச் சாயங்காலம் தெளிப்போம், இதற்கு விடியற்காலை. சாயங்காலம் தெளித்தால் பூவைத் தேடி வரும் விட்டில்களும் சேர்ந்து சாகும், ராத்திரி மணத்தோடு வேப்பெண்ணெய் நாற்றமும் கலக்கும்.

பாம்பு வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் மாமியார் அதைச் சொல்லியே இரண்டு வருஷம் வைக்க விடவில்லை. பாம்புக்குப் பூ வாசத்தில் ஒன்றுமில்லை. மணத்துக்கு விட்டில் வரும், விட்டிலுக்குத் தவளையும் பல்லியும் வரும், அடர்ந்த புதரடியில் எலி ஒதுங்கும். அவற்றைத் தேடிப் பாம்பு வரலாம். ஆகவே தரையிலிருந்து ஓரடிவரை கிளைகளை எடுத்துவிட்டு, அடியில் ஓட்டை உடைசல் சேராமல் பெருக்கி வையுங்கள். காற்றோட்டமும் கிடைக்கும், மாமியாரும் சமாதானமாவார்.

தவழும் குழந்தையோ, செடியைக் கடிக்கும் நாய்க்குட்டியோ வீட்டில் இருந்தால் இப்போதைக்கு இந்தச் செடி வேண்டாம் என்பதே என் கருத்து. வெள்ளைக் காய் பார்க்க முத்து மாதிரி இருக்கும்.

9. தொட்டியில் வைப்பவர்களுக்கு

16 அங்குலத்துக்குக் குறைந்த தொட்டி வேண்டாம், வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, வெளிவேரைக் கால்வாசி சீவி, புது மண் போடுங்கள். இல்லையென்றால் வேர் சுருண்டு தண்ணீரே இறங்காது. அடியில் தட்டு வைக்காமல் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். தட்டில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ அறை. சோதனைக்கு வந்தவர்கள் லார்வாவைப் பார்த்துவிட்டால் அபராதம் போட வாய்ப்புண்டு.

அடுக்குமாடி வீட்டுப் பால்கனிக்கு இதை நான் சொல்வதில்லை. மணம் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

10. வெட்டிய குப்பையை என்ன செய்வது

பெரிய வெட்டு முடிந்தால் இரண்டு மூன்று கறுப்புப் பை நிறைய கொம்பு சேரும். பின்சந்திலோ கால்வாய்க் கரையிலோ வீசாதீர்கள். ஈரமண்ணில் கிடந்தாலே வேர்பிடித்துவிடும், அப்புறம் அது யாருக்கும் அடங்காது. ஆடு மாடு மேயும் இடத்திலும் போடக் கூடாது, தின்றால் நஞ்சு. நான் இரண்டு நாள் சிமெண்ட் தரையில் காயவைத்து, பையில் கட்டி, குப்பை லாரி வரும் அன்று காலையில்தான் வெளியே வைப்பேன். நல்ல கொம்பாக ஐந்தாறை மட்டும் ஈரத்துணியில் சுற்றி எடுத்து வைத்துக்கொள்வேன். யாராவது கேட்பார்கள். கேட்டவர்களிடம் கொடுப்பதற்கு முன், ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தாயிற்றா என்று நான் கேட்பேன்.